காலிப்பர் பிராக்கெட் போல்ட் சும்மா சுத்துது, டார்க்கே (முறுக்கி இறுக்குற விசையே) ஏற மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

சனிக்கிழமை_ஸ்பேனர்:
வணக்கம் மக்களே. காரோட முன்பக்க பிரேக் டிஸ்க்கும் பேடும் வீட்டு வாசல்லயே மாத்திரலாம்னு இறங்கிட்டேன். பேட் மட்டும்னா ஸ்லைடு பின் போல்ட்டைக் கழட்டி, பேடை அமுக்குற காலிப்பரைத் தூக்கினா முடிஞ்சுது, ஆனா டிஸ்க் வெளிய வரணும்னா காலிப்பரைத் தாங்குற பிராக்கெட்டையே எடுக்கணும்ல, அங்கதான் மாட்டிக்கிட்டேன். வலது பக்கம் ஒரு தொந்தரவும் இல்ல. இடது பக்கம் கீழ் போல்ட் 17 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர்ல சுலபமா வந்துருச்சு. மேல் போல்ட்டுக்கு 17 உட்காரல, 19 போட்டுத்தான் கழட்ட முடிஞ்சுது, அதுவும் பாதி தூரம் கிறீச் கிறீச்னு கத்திக்கிட்டே வந்துச்சு. வெளிய எடுத்துப் பார்த்தா மரை இடுக்குல பளபளன்னு இரும்புச் சுருள். திரும்ப போட்டா கையாலயே கடைசி வரை போகுது, டார்க் ரென்ச் வச்சா, குறிச்ச டார்க் வந்ததும் கேக்குற கிளிக்கே வரல, இறுகுற மாதிரி இருந்துட்டு வழுக்கிட்டுப் போகுது. நக்கிள்ல, அதான் வீலைத் தாங்குற பாகத்துல, மரை போச்சுன்னு நினைக்கிறேன். 2011 மாடல் ஹேட்ச்பேக், ஜப்பான் கம்பெனி. பேர் சொல்லல, சொன்னா இங்க வழக்கம்போல எந்த வண்டி உசத்தின்னு சண்டை ஆரம்பிச்சுரும். வண்டி இப்ப ஸ்டாண்டு மேல நிக்குது.

ஜுகாட்_ராஜா:
தலைவா இதுக்கு ஏன் டென்ஷன். போல்ட்ல அரால்டைட் தடவி உள்ள விட்டு ஒரு நாள் காய விடு, அசையாது. இல்லன்னா மரைல மெல்லிசா கம்பி சுத்தி இறுக்கு. எங்க பக்கம் டிராக்டர்ல எல்லாம் இப்படித்தான் ஓடுது.

மலைப்பாதை_40:
அய்யா ஜுகாட், டிராக்டர் மட்கார்டுக்கு வேணா ஒட்டுங்க. இது பிரேக். வால்பாறை 40 கொண்டை ஊசி இறங்கிட்டு டிஸ்க் பக்கத்துல கை வச்சுப் பார்த்துருக்கீங்களா? டிஸ்க் சூடு சர்வ சாதாரணமா 200 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூடு பேட் வழியா காலிப்பர், பிராக்கெட்னு பரவும். சாதா அரால்டைட் 100 டிகிரிக்குக் கீழயே இளக ஆரம்பிச்சுரும். ரெண்டு போல்ட்ல ஒண்ணு விட்டுச்சுன்னா பிராக்கெட் மிச்சம் இருக்குற ஒத்த போல்ட்ல சுத்தும், காலிப்பர் போய் வீல் ரிம்ல இடிக்கும், அப்புறம் வீலே லாக் ஆகும். மாட்ரேட்டர் அந்தப் பதிவை எடுத்துட்டா நல்லது, யாராச்சும் நம்பிச் செஞ்சு வைக்கப் போறாங்க.

ஜுகாட்_ராஜா:
சரி சரி விடுங்க, ஒரு யோசனைதான சொன்னேன்.

கியர்_ஆயில்:
எடுக்காதீங்க, இருக்கட்டும். பதிலோட சேர்த்துப் படிச்சாத்தான் ஏன் கூடாதுன்னு தெரியும்.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
ஹெலிகாயில்தான் இதுக்கு வழி. பழைய மரையை டிரில் போட்டு எடுத்துட்டு, பெரிய சைஸ்ல புது மரை வெட்டி, அதுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள் ஒண்ணைத் திருகி இறக்குறது. உள்பக்கம் பழைய போல்ட் சைஸே கிடைக்கும். பைக் ஸ்பார்க் பிளக் மரை போனா போடுவாங்களே, அதேதான். எம்12 (12 எம்எம் தடிமன் போல்ட்) கிட் ஆன்லைன்லயே கிடைக்குது.

புதுப்பேட்டை_பக்கம்:
இன்னாத்துக்கு அவ்ளோ வேலை. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட் வந்தா நக்கிளே கிடைக்கும், பேரிங் ஹப்போட சேர்த்து அள்ளிட்டுப் போ. ஏபிஎஸ் சென்சார் ஓட்டை உன் வண்டில இருந்தா அதுலயும் இருக்கானு மட்டும் பார்த்துக்கோ.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
நக்கிள் மாத்துறதுன்னா டிரைவ் ஷாஃப்ட் நட், பால் ஜாயின்ட், டை ராட், ஸ்ட்ரட் போல்ட் எல்லாம் கழட்டணும், முடிச்சதும் வீல் அலைன்மென்ட் வேற. ஒரு மரைக்காக அவ்வளவு தூரம் போகணுமா? போதாததுக்கு அந்தப் பழைய நக்கிள் எந்த ஆக்சிடென்ட் வண்டில இருந்து வந்துச்சோ.

புதுப்பேட்டை_பக்கம்:
அது பார்த்து வாங்குறவன் கண்ணுல இருக்குப்பா.

பனிக்கால_ஓட்டி:
நான் இஞ்ச கனடா ஸ்காபரோவில இருக்கிறன். எங்களுக்கு உந்தப் பிரச்சினை வேற விதம். பனிக்கு ரோட்டில உப்புக் கொட்டுவினம், அந்த உப்புத் தண்ணி போய் போல்ட்டும் இரும்பும் ஒண்டாய் ஒட்டிப்போயிடும். கழட்டேக்க மரை போறதை விட போல்ட் தலை முறியிறதுதான் கூட. முதல் நாளே பெனட்ரேட்டிங் ஒயில் அடிச்சுப்போட்டு விட்டிட வேணும், அப்பிடியும் அசையேல்லை எண்டால் டோர்ச்சால சூடாக்கி, கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் தளர்த்தி முன்னும் பின்னுமாய் எடுக்க வேணும். உங்கட ஊரில உப்பு இல்லை, 2011 வண்டியில போல்ட் கத்திக்கொண்டு வந்தது எண்டால் அது கறள் இல்லை. ஆரோ பிழையாய் ஏத்தியிருக்கினம். முதல்ல அதைக் கண்டுபிடியுங்கோ.

கணபதி_லேத்:
ஏனுங்க சனிக்கிழமை, எல்லாரும் வைத்தியம் சொல்றாங்க, நோவு எங்கன்னு யாரும் கேக்கலீங்களே. நீங்க எழுதினதுலயே ரெண்டு விசயம் இடிக்குதுங்க.

மொதல்ல, கீழ் போல்ட் 17, மேல் போல்ட் 19னு எழுதியிருக்கீங்க. ஒரே பிராக்கெட்டுக்கு கம்பெனிக்காரன் ரெண்டு தலை சைஸ்ல போல்ட் குடுக்க மாட்டானுங்க. ஜப்பான் வண்டில எம்12 போல்ட்டுன்னா பெரும்பாலும் தலை 17 தான் வரும். 19 தலை எம்12ங்கிறது நம்மூர் ஹார்டுவேர் கடைச் சரக்கு. அந்தக் கடைல எம்12னு மொட்டையாக் கேட்டா குடுக்கிறது 1.75 பிட்ச் (மரைக்கு மரை 1.75 எம்எம் இடைவெளி), பெருமரை. உங்க வண்டில இருக்கறது சிறுமரையா இருக்கும், 1.25. அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதுங்க. மொதல் ஒண்ணரைச் சுத்து கையில போற மாதிரியே இருக்கும், அப்புறம் எவனாவது நியூமேடிக் கன் வச்சு டர்ர்னு ஏத்தினா ஏறத்தான் செய்யும், உள்ள இருக்கற மரையை வழிச்செடுத்துட்டு.

சந்தேகம்னா பிட்ச் கேஜ் எல்லாம் வேண்டாம். ரெண்டு போல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மரையோட மரை ஒட்டி வெளிச்சத்துல பாருங்க. ஒரே பிட்ச்னா இடைவெளியே இல்லாம சேர்ந்துக்கும், வேற பிட்ச்னா ஓரிடத்துல ஒட்டி அடுத்த இடத்துல வெளிச்சம் தெரியும். இல்லீன்னா ஸ்கேல் வச்சு பத்து மரை அளங்க. 12.5 எம்எம் வந்தா 1.25, 17.5 வந்தா 1.75.

ரெண்டாவது விசயம் இதைவிடப் பெருசுங்க. மரை நக்கிள்லதான் இருக்குதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நெறைய வண்டில நக்கிள் காதுல இருக்கறது மொட்டை ஓட்டை, போல்ட் அது வழியா சும்மா போய் பிராக்கெட்ல இருக்கற மரைலதான் புடிக்கும். பிராக்கெட் இப்ப உங்க கையிலதான இருக்குது, எடுத்துப் பாருங்க.

சனிக்கிழமை_ஸ்பேனர்:
லேத் அண்ணா, ரெண்டும் அப்படியே இருக்கு. கீழ் போல்ட் பத்து மரைக்கு 12.5 எம்எம், மேல்ல இருந்தது 17.5. கீழ் போல்ட் தலைல 10.9னு பொறிச்சிருக்கு, மேல் போல்ட் தலைல 8.8. வலது பக்கத்து ரெண்டும் 17, 10.9. நக்கிள் ஓட்டைல விரல் விட்டுப் பார்த்தேன், வழவழன்னு மொட்டை ஓட்டை. மரை பிராக்கெட்லதான். மேல் ஓட்டைல மரை பாதிக்கு மேல வழிஞ்சு கெடக்கு. கடைசியா இந்த வண்டி பிரேக் வேலைக்குப் போனது எங்க ஏரியா கராஜ் ஒண்ணுக்கு, பேர் வேண்டாம், இப்ப அந்தக் கடையே இல்ல.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
அடேங்கப்பா. அப்ப நக்கிள் தப்பிச்சுச்சு. இத்தனை நாள் அந்த போல்ட் தாங்குனதே அதிசயம்.

மலைப்பாதை_40:
8.8, 10.9ங்கிறது என்னன்னு தெரியாதவங்களுக்காக: முதல் நம்பரை 100ஆல பெருக்கினா போல்ட் அறுந்துபோற வலிமை, மெகாபாஸ்கல்ல. ரெண்டாவது நம்பர், அதுல எத்தனை பங்கு வரைக்கும் நிரந்தரமா நீளாம தாங்கும்ங்கிறது. 8.8ன்னா 800ல 80 சதவீதம், 640. 10.9ன்னா 1000ல 90 சதவீதம், 900. தலைல எதுவுமே பொறிக்காத போல்ட்டை பிரேக் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஜுகாட்_ராஜா:
ஒரு டவுட்டு, நிஜமாவே கேக்குறேன். அந்த போல்ட் பெருசாத்தான இருக்கு, பிரேக் போடுறப்ப அதை வெட்டணும்னா எவ்வளவு ஃபோர்ஸ் வேணும். 8.8 பத்தாதா?

மலைப்பாதை_40:
நல்ல கேள்வி. அந்த போல்ட் குறுக்கு வெட்டைத் தாங்குறதுக்காக வைக்கல. அதோட வேலை பிராக்கெட்டையும் நக்கிளையும் நசுக்கிப் பிடிக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு மயிரிழை அளவு நீளுது, அந்த இழுவிசைலதான் ரெண்டு இரும்பும் ஒண்ணோட ஒண்ணு அழுந்தி உராய்வுல நிக்குது. பிரேக் விசையைச் சுமக்குறது அந்த உராய்வு. இறுக்கம் குறைஞ்சா பிராக்கெட் ஒவ்வொரு பிரேக்குக்கும் துளி நகரும், அப்பத்தான் போல்ட் வெட்டையும் வளைவையும் மாறி மாறி வாங்கி, ஒரு நாள் அலுத்துப்போய் உடையும். கம்பெனிக்காரன் 10.9க்கு கணக்குப் போட்ட இறுக்கத்தை 8.8 போல்ட்டுக்குக் குடுத்தா அது நீண்டே போயிரும், குறைச்சு இறுக்கினா பிடிமானம் பத்தாது. ரெண்டுமே வேலைக்காகாது.

சனிக்கிழமை_ஸ்பேனர்:
சரி, இப்ப பிராக்கெட்டுக்கு என்ன வழி? ஷோரூம்ல கேட்டா பிராக்கெட் தனியா வராது, காலிப்பர் அசெம்பிளியாத்தான் வாங்கணும்ங்குறாங்க, விலையைக் கேட்டு வாயை மூடிட்டு வந்துட்டேன். ஹெலிகாயில் போடலாமா, இல்ல பழைய பிராக்கெட் தேடட்டுமா?

புதுப்பேட்டை_பக்கம்:
நம்ம ரூட்டுக்கு வந்தியா. பிராக்கெட் மட்டும்னா சல்லிசாக் கிடைக்கும். இடது பக்கம்னு கேட்டு வாங்கு, சில வண்டில ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், சிலதுல இல்ல. உன் பழசைக் கையிலயே எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுப் பாரு. ஸ்லைடு பின் ஓட்டைல துரு இருக்கா, பேட் உட்கார்ற இடம் தேஞ்சு பள்ளம் விழுந்துருக்கா, அதைப் பார்க்காம காசு எடுக்காத.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
ஹெலிகாயில் போட்டா பழைய மரையை விட ஸ்ட்ராங்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்காங்களே, அப்புறம் ஏன் பழைய பிராக்கெட் தேடணும்?

கணபதி_லேத்:
அதுல பாதிதான் நெசம்ங்க. அலுமினியத்துல போட்டா கண்டிப்பா பலம் கூடும், ஏன்னா அலுமினியம் மெதுவு, சுருளோட வெளிமரை பெருசுங்கறதால புடிக்கற பரப்பு அதிகம். பிராக்கெட் எஸ்ஜி அயர்ன்ங்கற வார்ப்பிரும்பு ரகம், அதுவே கெட்டி. அங்க ஹெலிகாயில் போட்டா பலம் போகாது, அவ்வளவுதான். இன்னொண்ணு, சுருளுக்காக வெட்டற மரையோட வெளி அளவு எம்12, 1.25க்கு 13.6 எம்எம் கிட்ட வருமுங்க. ஓட்டையச் சுத்தி எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்குதுன்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

சனிக்கிழமைக்குச் சொல்றேன். பழசு நல்லதாக் கிடைச்சா அதையே போட்டுப்போடுங்க, தலைவலி இல்ல. கிடைக்கலீன்னா ஹெலிகாயில். நக்கிள்ல மரை போயிருந்தா வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு கை டிரில்ல கோணலா ஓட்டை போட்டுக்கிட்டுக் கெடப்பீங்க. பிராக்கெட்டைக் கையில தூக்கிக்கிட்டு எந்த லேத் பட்டறைக்கும் போலாம், பில்லர் டிரில்ல வைஸ் கட்டி நேரா எறக்கிக் குடுப்பாங்க. ஓட்டை நேரா இருக்கணும், அதுதான் பாதி வேலையே. கோணலாப் போனா போல்ட் தலை ஒரு ஓரத்துல மட்டும் உக்காரும், டார்க் வந்த மாதிரி காட்டும், நாலு நாள்ல தளரும்.

நீங்களே பண்றதா இருந்தா முறை சொல்றேன். எம்12, 1.25 ஹெலிகாயிலுக்கு டிரில் 12.3 எம்எம், கிட் பெட்டியிலயே போட்டிருக்கும், அதைத்தான் நம்பணும். மரை வெட்டறதுக்கு கிட்டோட வர்ற டேப்தான் போடணும், கடைல கிடைக்கற சாதா எம்12 டேப் இதுக்கு ஆகாது, அந்த ஓட்டைல அது சும்மா லொடலொடன்னு போயிட்டு வரும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் இல்லாமயே டேப் ஓடும், அதுல இருக்கற கிராஃபைட்டே வழவழப்புக் குடுக்கும், ஆனா எஸ்ஜின்னா கொஞ்சம் கட்டிங் ஆயில் விடறது நல்லது. அலுமினியம்னா மண்ணெண்ணெய். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால, சீவல் உடையற சத்தம் கையிலயே தெரியும். கத்திச்சுன்னா நிறுத்தீருங்க, டேப் உள்ள முறிஞ்சா அதை டிரில் போட்டு எடுக்க முடியாது, ஸ்பார்க் எரோஷன் மிஷினுக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்.

மரை வெட்டினதும் பிரேக் கிளீனர் அடிச்சு சீவல் ஒண்ணு விடாம ஊதி எடுங்க. சுருளை அதோட டூல்ல மாட்டி இறக்கி, மேல் பரப்புல இருந்து கால் சுத்தோ அரைச் சுத்தோ உள்ள போற வரைக்கும் திருகுங்க, வெளிய துருத்திக்கிட்டு இருந்தா பிராக்கெட் சமமா உக்காராது. அடியில ஒரு வால் இருக்கும், பஞ்ச் வச்சு ஒரே தட்டுல உடைச்சு எடுத்துப்போடணும். சுருள் நீளம் ஒண்ணரை மடங்கு எடுங்க, அதாவது 12க்கு 18 எம்எம். பிராக்கெட் காது அதை விட மெலிசா இருந்தா ஒரு மடங்கு.

கியர்_ஆயில்:
டைம்செர்ட்னு ஒண்ணு இருக்கே, கம்பிச் சுருள் இல்லாம முழு புஷ் மாதிரி வரும். பிரேக்குக்கு அதுதான் பாதுகாப்புன்னு சொல்றாங்க.

கணபதி_லேத்:
நல்ல சரக்குங்க, மறுப்பே இல்ல. அடிக்கடி கழட்டி மாட்டற எடத்துக்கு அதுதான் சரி. ஆனா கிட் விலைக்கு ரெண்டு பிராக்கெட் வாங்கீரலாம்.

பனிக்கால_ஓட்டி:
ஒரு விசயம் விட்டுப்போச்சு. இப்ப நல்லா இருக்கிற மற்ற மரைகளை டேப் போட்டுச் சுத்தம் செய்யாதேங்கோ, டேப் கொஞ்சம் இரும்பையும் சேத்து வெட்டிப்போடும். திரெட் சேசர் எண்டு வேறயாய் இருக்கு, அது மரையை வெட்டாது, நிமித்தும். இல்லாட்டி பழைய போல்ட் ஒண்டில நீளவாக்கில ரெண்டு வெட்டுப் போட்டு அதையே பாவிக்கலாம், இஞ்ச நான் அப்பிடித்தான் செய்யிறனான்.

சனிக்கிழமை_ஸ்பேனர்:
அப்டேட். புதுப்பேட்டைல இடது பிராக்கெட் கிடைச்சுது, பின் ஓட்டை சுத்தம், மரை ரெண்டும் நல்லா இருக்கு, வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போன 17 தலை போல்ட் கையாலயே கடைசி வரைக்கும் போச்சு. போல்ட் மட்டும் ஷோரூம்லயே நாலும் புதுசு வாங்கிட்டேன், மரைல ஏற்கனவே ஏதோ கலர் பசை தடவி வருது. அதுக்கு மேல லாக்டைட் போடணுமா? காப்பர் கிரீஸ் போடச் சொல்றாரு பக்கத்து வீட்டு அங்கிள்.

மலைப்பாதை_40:
அந்தக் கலர் பசையே திரெட் லாக்கர்தான், மேல ஒண்ணும் வேண்டாம். பசை இல்லாத போல்ட்டா இருந்து மேனுவல் கேட்டா மட்டும் நீல லாக்டைட் 243 ரெண்டு சொட்டு. அங்கிளுக்கு வணக்கம் சொல்லிட்டு காப்பர் கிரீஸைத் திருப்பிக் குடுத்துருங்க. மேனுவல்ல போட்டிருக்குற டார்க் கிரீஸ் இல்லாத மரைக்கு. கிரீஸ் தடவினா உராய்வு குறையும், அதே டார்க்ல போல்ட் கணக்குக்கு மேல நீளும். இப்பத்தான் ஒரு மரையைக் காப்பாத்தியிருக்கீங்க.

ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும். வீல் பேரிங் கிரீஸை அள்ளி அப்புனா ரப்பர் பூட் ஊதி பின் இறுகிரும்.

சனிக்கிழமை_ஸ்பேனர்:
டார்க் எவ்வளவு வைக்கணும்? நெட்ல ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க.

கணபதி_லேத்:
உங்க வண்டி மேனுவல்ல இருக்கறதுதானுங்க நம்பர். சின்ன வண்டில பிராக்கெட் போல்ட் பெரும்பாலும் 80ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், ஸ்லைடு பின் போல்ட் அதுல கால் பங்கு, 22லயிருந்து 35 வரைக்கும். ரெண்டையும் மாத்தி வச்சு பின் போல்ட்டை 90ல முறிச்சுட்டு என் பட்டறைக்கு வந்தவங்க உண்டு. மொதல்ல ரெண்டு போல்ட்டையும் கையாலயே முழுசா ஏத்துங்க. விரல்ல போகாத போல்ட் ஸ்பேனர்லயும் போகக்கூடாது. அப்புறம் ரென்ச்ல பாதி டார்க், அப்புறம் முழு டார்க். முடிச்சதும் போல்ட் தலைல இருந்து நக்கிள் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விடுங்க, அப்புறம் எப்ப வீலைக் கழட்டினாலும் கோடு நேரா இருக்குதான்னு பார்த்தாப் போதும்.

டயர்_டீ_கடை:
நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எனக்கு இதே மாதிரிதான், ஆனா காலிப்பர்ல ஹோஸ் மாட்டுற பேஞ்சோ போல்ட் ஓட்டைல மரை போச்சு. அங்கயும் ஹெலிகாயில் போடலாமா? மெக்கானிக் போட்டுத் தர்றேன்றாரு.

கணபதி_லேத்:
வேண்டாமுங்க. அங்க புடிக்கறது மட்டும் வேலை இல்ல, பிரேக் ஆயிலை அடைச்சு வைக்கவும் வேணும். பெடலை நல்லா அழுத்தி மிதிச்சா உள்ள 70, 80 பார் பிரஷர் ஏறும், அவசரத்துல மிதிச்சா 100க்கு மேல. பேஞ்சோ ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் அடைச்சாலும், கோணலா டிரில் ஆன ஓட்டைல அது சமமா அழுந்தாது, கசியும். உள்ள விழுற சீவல் பிஸ்டன் சீலைக் கிழிக்கற ஆபத்து வேற. அந்த ஓட்டை போனா காலிப்பரையே மாத்தணும். ஏர் எடுக்கற பிளீடர் மரைக்கும் அதே பதில்தானுங்க, அங்க அடைப்பு கூம்பு முனைல இருக்குது, அது உக்கார்ற இடத்துல டிரில் பட்டா முடிஞ்சுது.

டயர்_டீ_கடை:
ஆனா அந்த மெக்கானிக் டெஃப்லான் டேப் சுத்தி...

மலைப்பாதை_40:
ஓடி வந்துருங்க.

ஜுகாட்_ராஜா:
டெஃப்லான் நான் சொல்லலப்பா, இந்த வாட்டி நான் இல்ல.

சனிக்கிழமை_ஸ்பேனர்:
மாட்டியாச்சு. நாலு போல்ட்லயும் கிளிக் சுத்தமா வந்துச்சு. புது பேடுன்றதால பெடலைப் பல தடவை பம்ப் பண்ணி மேல வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணேன். பேட் உட்காரட்டும்னு காலியான ரோட்ல கொஞ்சம் கொஞ்சமா பிரேக் அடிச்சு ஓட்டினேன், ஒரு பக்கம் இழுக்கல, சத்தமும் இல்ல. அந்த 1.75 போல்ட்டை என்ன பண்றது? தூக்கிப் போட்டுரவா?

புதுப்பேட்டை_பக்கம்:
கேட்டுக்கு தாழ்ப்பாளா மாட்டு.

கணபதி_லேத்:
பழைய பிராக்கெட்டையும் அந்த போல்ட்டையும் சேத்து எனக்கு அனுப்பி விடுங்க. பட்டறைல புதுசா ரெண்டு பசங்க சேர்ந்திருக்கறாங்க, 1.25க்கும் 1.75க்கும் வித்தியாசம் வாயில சொன்னா ஏற மாட்டேங்குது. பார்சல் காசு நான் குடுத்தர்றேன்.